மெக்சிகோ நகரில் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மெக்சிகோ நகரத்துச் சந்தைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, அந்நகருக்குப் புறப்படவிருப்பவர்களும் அண்மையில் போய்ச் சேர்ந்தவர்களுமாகப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவள் என்ற முறையில், ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியுள்ளேன்.

கணவருக்கு மெக்சிகோ நகரில் வேலை உறுதியாகிவிட்டது. நானும் இரண்டு குழந்தைகளும் உடன் செல்கிறோம். புறப்படுமுன் எந்தக் காகிதங்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழுக்கும் அவை வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு உறுதிசெய்யும் 'அப்போஸ்டில்' முத்திரையை இந்தியாவிலேயே பெற்றுவிடுங்கள். அது இல்லாமல் போய்விட்டு அங்கிருந்தபடி பெற முயன்றால் மாதக்கணக்கில் இழுக்கும். ஸ்பானிய மொழிபெயர்ப்பை மட்டும் அங்கே போய்ச் செய்துகொள்ளலாம், ஏனெனில் மெக்சிகோவில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள பிரதியையே அலுவலகங்கள் கேட்கும்.

வேலை விசாவுக்கான அனுமதியை மெக்சிகோவில் உள்ள நிறுவனம்தான் முதலில் குடிவரவுத் துறையிடம் பெற வேண்டும். அதன் பிறகே தில்லியில் உள்ள தூதரகத்தில் விசா கிடைக்கும். அந்த விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே. நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து அதை வசிப்பு அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் மெக்சிகோவுக்குச் சுற்றுலாவாக நுழைய முடியும் என்பதால், 'முதலில் போய்விடுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். சுற்றுலாவாக நுழைந்தவர் உள்ளே இருந்தபடி வேலைக்கான வசிப்பு அட்டைக்கு மாற இயலாது என்பதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். குடும்பத்தினர் என்ற முறையில் உங்களுக்குக் கிடைக்கும் அட்டை வேலை செய்யும் உரிமையைத் தராது. வேலை செய்ய எண்ணினால் அதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடத் தமிழர்களுக்குத் தொல்லை தருவது நம் பெயர்தான். மெக்சிகோவில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரும், தந்தை வழிக் குடும்பப் பெயரும், தாய் வழிக் குடும்பப் பெயரும் உண்டு. படிவங்களிலும் அதற்கேற்ப மூன்று கட்டங்கள் இருக்கும். நமக்கோ ஒரு பெயரும், தந்தை பெயரின் முதலெழுத்தும். 'கூர்ப்' எனப்படும் 18 எழுத்துகள் கொண்ட அடையாள எண், பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி முதலியவற்றிலிருந்தே அமைக்கப்படுகிறது. இரண்டாவது குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு அவ்விடத்தில் 'எக்ஸ்' எழுத்து இடப்படும். பிறந்த மாநிலத்தைக் குறிக்கும் இடத்தில் நமக்கெல்லாம் 'வெளிநாட்டில் பிறந்தவர்' என்பதற்கான இரண்டு எழுத்துகள் வரும். ஆகவே அலுவலர் வற்புறுத்தினாலும் தாயார் பெயரை எழுதி மூன்றாம் கட்டத்தை நிரப்பிவிடாதீர்கள். கடவுச்சீட்டில் என்ன உள்ளதோ அதுவே ஓர் எழுத்தும் மாறாமல் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். ஒரு வங்கி என் தந்தை பெயரை என் பெயராகப் பதிந்துவிட்டதைத் திருத்துவதற்கு எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அங்கே திருமணமான பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை என்பதால், உங்கள் கடவுச்சீட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராக இருந்தால் அது ஏன் என்று கேட்பார்கள். திருமணச் சான்றிதழின் பிரதியொன்றை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள்.

வீடு பார்க்கும் இடமெல்லாம் பிணையாளர் வேண்டும் என்கிறார்கள். யாரையும் தெரியாத ஊரில் பிணைக்கு எங்கே போவது?
– வாசகர், மெக்சிகோ நகரம்

அந்நகரிலேயே சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர், தம் வீட்டுப் பத்திரத்தைக் காட்டி உங்களுக்காகக் கையெழுத்திட வேண்டும் என்பது அங்குள்ள நெடுநாள் வழக்கம். புதிதாக வந்தவருக்கு அது நடவாத காரியம் என்று வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். அதற்கு மாற்றாக 'போலிசா ஹுரிதிகா' என்ற சட்ட ஒப்பந்தம் உண்டு. ஒரு சட்ட அலுவலகம் உங்கள் வருமானத்தையும் பின்னணியையும் ஆராய்ந்துவிட்டு, வாடகை நின்றுபோனால் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை ஏற்கும். அதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் குடியிருப்பவரே செலுத்துகிறார். வீடு பார்க்கப் போகும்போதே 'போலிசா ஏற்றுக்கொள்வீர்களா' என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வீட்டைப் பார்க்கும்போது அறைகளின் அழகில் மயங்காமல் மாடிக்கும் ஏறிப் பாருங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், கீழே நிலத்தடித் தொட்டியும் இருக்க வேண்டும். கோடையின் கடைசியில், அதாவது மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில், பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் விடப்படுகிறது. நிலத்தடித் தொட்டி இல்லாத கட்டடங்களில் அப்போது தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்க நேரும்.

இங்கிருந்து மிக்சி, கிரைண்டர், குக்கர் ஆகியவற்றைக் கொண்டு போகலாமா? அந்த ஊர்த் தண்ணீரில் சமையல் எப்படி இருக்கும்?
– வாசகி, திருச்சி

குக்கரைக் கட்டாயம் கொண்டு போங்கள், மிக்சியையும் கிரைண்டரையும் விட்டுவிடுங்கள். நம்முடையவை 230 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை, அங்கே வீட்டுக்கு வருவது 127 வோல்ட். மின்மாற்றிப் பெட்டி வைத்தாலும் அலைவெண் 60 ஹெர்ட்ஸ் என்பதால் கிரைண்டர் மோட்டாரின் வேகம் மாறிவிடும். அமெரிக்காவில் விற்பதற்கென்று தயாராகும் 110 வோல்ட் கிரைண்டரை வாங்கிக்கொள்வதே நல்லது. துவையலுக்கும் சட்னிக்கும் அங்குள்ள கல்லே போதும். மூன்று கால்களோடு எரிமலைக் கல்லில் செதுக்கிய 'மோல்காஹேத்தே' என்ற சிறு உரலும், நம் அம்மியும் குழவியும் போலவே இருக்கும் 'மெத்தாத்தே'யும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். புதுக் கல்லை அரிசி போட்டு அரைத்து அரைத்துப் பழக்கச் சொல்லிக் கடைக்காரம்மா விளக்கியபோது, என் பாட்டி அம்மி பழக்கியது கண்முன் வந்து நின்றது.

குக்கர் ஏன் என்றால், மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வேகவைத்த சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும், பருப்போ மணிக்கணக்கில் கொதித்தும் மசியாது. முதல் மாதத்தில் இதற்காகக் கண்ணீர் விட்ட பெண்களை நான் அறிவேன், உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வீட்டுக்குள்ளேயே குளிரும் என்பதால் இட்லி மாவை அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். அதே உயரம்தான் முதல் இரண்டு வாரங்களில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கவும் தலைவலிக்கவும் காரணம். நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்தால் உடல் தானாகப் பழகிக்கொள்ளும்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். 20 லிட்டர் 'கர்ரஃபோன்' குடுவைதான் அங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பச்சையாக உண்ணும் கீரை, கொத்தமல்லி, பழம் எல்லாவற்றையும் கழுவிய பிறகு, பல்பொருள் அங்காடியில் விற்கும் கிருமிநீக்கிச் சொட்டு மருந்தைக் கலந்த தண்ணீரில், புட்டியில் எழுதியுள்ள நேரம் வரை ஊறவையுங்கள். உள்ளூர்ப் பெண்கள் பெரும்பாலோர் இதைத் தவறாமல் செய்கிறார்கள், ஆகவே இது அயலாரின் அச்சம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

நாங்கள் தலைமுறைகளாகச் சைவம். மெக்சிகோவில் இறைச்சி இல்லாமல் வாழவே முடியாது என்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

வாழ முடியும், நன்றாகவே வாழ முடியும். ஆனால் கேட்கும் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'கார்னே இல்லாமல்' என்று சொன்னால், அந்தச் சொல் பலருடைய காதில் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி என்று மட்டுமே விழும். கோழியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நீங்கள் முகம் சுளித்தால் உண்மையாகவே குழம்பிப்போவார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. அரிசியைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் சாதாரண வழக்கம். அந்தக் கொழுப்புக்கு 'மந்தேக்கா' என்று பெயர். 'யேவா மந்தேக்கா?' – இதில் மந்தேக்கா சேர்ந்திருக்கிறதா – என்ற கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுங்கள். அவ்வூர் ரொட்டியாகிய 'தோர்த்தியா'வைக் கோதுமையில் செய்தால் அதில் மந்தேக்கா சேர வாய்ப்புண்டு. சோளத் தோர்த்தியா என்பதோ மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டியது, அதில் வேறொன்றும் கிடையாது.

தெருவோரத்தில் அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் பீன்ஸோ மொச்சையோ பொதிந்த சோள அடையாகிய 'த்லகோயோ', பூசணிப்பூ வைத்து மடித்த தோர்த்தியாவாகிய 'கேசதியா' ஆகியவை கிடைக்கும். மெக்சிகோ நகரில் கேசதியா என்றாலே பாலாடைக்கட்டி சேரும் என்பதில்லை, வேண்டுமானால் அதைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். நாட்டின் மற்றப் பகுதி மக்கள் இதற்காகத் தலைநகரத்தாரோடு ஓயாமல் வாதிடுவார்கள். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலை 'நோப்பால்' என்று காய்கறியாகவே சமைக்கிறார்கள். சிறிது வழவழப்பும் புளிப்பும் உள்ள அது, வெண்டைக்காய் பிடித்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். 'கின்தோனில்' என்று விற்கப்படுவது நம் தண்டுக்கீரையின் உறவு, 'வெர்தோலாகா' என்பது பருப்புக்கீரையேதான். இந்த இரண்டையும் கூடையில் கண்ட நாளில்தான் நான் அவ்வூரில் குடியிருக்கிறேன் என்ற எண்ணம் முதன்முதலாக எனக்கு உண்டாயிற்று.

சந்தைக்குப் போகத் தொடங்கினால் நம் வீட்டுச் சொற்களின் ஊரும் தெரியவரும். நாம் சப்போட்டா என்று சொல்லும் பழத்தின் தாயகம் அதுவே. மெக்சிகோவின் தொல்குடி மொழியாகிய நாவாத்தலின் 'த்சபோத்ல்' ஸ்பானியத்தில் 'சபோத்தே' ஆகி, அங்கிருந்து நம்மிடம் வந்தது. அந்த மரத்துப் பாலின் பெயராகிய 'சிக்லே'யிலிருந்துதான் சிக்லெட் என்ற பெயர் பிறந்தது. நம் மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை என்பதைப் பலர் அறிவார்கள். ஆனால் புளியும் மாம்பழமும் எதிர்த்திசையில், 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் வழியே ஆசியாவிலிருந்து அங்கே போய் வேரூன்றியவை. இன்று ரசத்துக்குப் புளி தேடி அலைய வேண்டியதே இல்லை. உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும்தான் தட்டுப்பாடு. உளுந்தை இந்திய மளிகை விற்பவர்களிடம் இணையவழியே வாங்கலாம். விதை, செடி, பச்சை இலை எதையும் பெட்டியில் ஒளித்துக் கொண்டு போகாதீர்கள், விமான நிலையச் சோதனையில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஹித்தோமாத்தே' என்று கேட்டால் சிவப்புத் தக்காளி தருவார்கள், 'தொமாத்தே' என்று கேட்டால் தோலுறை மூடிய பச்சைக் காய் வரும். ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் கடைக்காரர் உங்களை 'மர்ச்சந்தா' என்றோ 'குவெரித்தா' என்றோ அழைப்பார். முதலாவது வாடிக்கைக்காரரைக் குறிக்கும் சொல். இரண்டாவதன் பொருள் 'வெளுத்த பெண்ணே' என்பது, என்னைப்போல் கறுத்தவளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அது நிறத்தைச் சுட்டியது அன்று, வாஞ்சையைச் சுட்டியது. கடைசியில் ஒரு கைப்பிடி கொத்தமல்லியோ இரண்டு மிளகாயோ பையில் போடுவார்கள். அதற்கு 'பிலோன்' என்று பெயர், நம் கொசுறுதான்.

ஐம்பது வயதில் ஸ்பானியம் கற்க முடியுமா? ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம் என்கிறாள் மகள்.
– வாசகர், நாகர்கோவில்

ஆங்கிலத்தை வைத்து அலுவலகத்தையும் வணிக வளாகத்தையும் ஓட்டிவிடலாம். குழாய் பழுது பார்ப்பவரிடமும் கீழ்வீட்டுப் பாட்டியிடமும் அது செல்லாது. ஐம்பது வயதுத் தமிழருக்கு ஸ்பானியம் எட்டும் என்று நான் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் நாக்கைப் புரட்டித் தவிக்கும் 'ஞ' ஒலி நமக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் 'நாய்'. இந்த ரகர றகர வேறுபாட்டை இன்றும் பேச்சில் காக்கும் உங்கள் ஊர்க்காரருக்கு இதைக் கற்பிக்கவே வேண்டாம். அவர்களுடைய தகரம் நம் தகரமே, ஆகவே தோர்த்தியாவில் பொதிந்து தரும் உணவை 'டாக்கோ' என்பதை மறந்துவிட்டுத் 'தாக்கோ' என்று சொல்லுங்கள். 'வருகிறேன்' என்ற சொல்லிலேயே 'நான்' அடங்கியிருப்பதுபோல அவர்கள் வினைச்சொல்லின் ஈறும் ஆளைக் காட்டிவிடும். 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் அதே அமைப்பில் சொல்கிறார்கள். வகுப்பில் மற்றவர்கள் வாரக்கணக்கில் திணறிய பாடத்தை நான் ஒரு மாலையில் கடந்தது இதனால்தான், திறமையால் அன்று. தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் அயலார் மொழி மையம் 1921 முதல் நடைபெறுகிறது, அங்கே எல்லா வயதினரும் படிக்கிறார்கள்.

இலக்கணத்துக்கு முன்பே கற்க வேண்டியது முகமன். கடைக்குள் நுழைந்தவுடன், மின்தூக்கியில் ஏறியவுடன், காவலரைக் கடக்கும்போது, காலை என்றால் 'புவேனோஸ் தியாஸ்', பிற்பகல் என்றால் 'புவேனாஸ் தார்தேஸ்' சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் நேரே 'இது என்ன விலை' என்று கேட்பவரை அவர்கள் திட்டமாட்டார்கள், ஆனால் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். பக்கத்து மேசையில் முன்பின் தெரியாதவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போகும்போது 'ப்ரொவேச்சோ' என்று வாழ்த்துவார்கள். 'தூ', 'உஸ்தேத்' என்பவை நம் 'நீ', 'நீங்கள்' போன்றவை. மூத்தவரிடமும் அறிமுகமற்றவரிடமும் உஸ்தேத் சொல்லுங்கள். சரியாகக் காதில் விழாதபோது 'என்ன?' என்று வெட்டாமல் 'மந்தே?' என்பார்கள், கட்டளையிடுங்கள் என்று பொருள். 'அஓரித்தா' என்ற சொல்லுக்கு அகராதி 'இப்போதே' என்று பொருள் தரும். நடைமுறையில் அது நம் 'இதோ வந்துவிட்டேன்' என்பதற்குச் சமம், ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். குழாய்க்காரர் அஓரித்தா என்றால் கோபப்படாமல் மணியைக் கேட்டு வாங்குங்கள்.

மெக்சிகோ நகரில் நிலநடுக்கம் அடிக்கடி வருமாமே. பெற்றோர் மிகவும் அஞ்சுகிறார்கள். என்ன சொல்லித் தேற்றுவது?
– வாசகி, சென்னை

ஆபத்து இல்லை என்று பொய் சொல்லித் தேற்ற வேண்டாம், அந்நகரம் எப்படி ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்லித் தேற்றுங்கள். 1985 செப்டம்பர் 19 அன்று ஏற்பட்ட நடுக்கம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மையம் பசிபிக் கரையில் இருந்தபோதும், நகரத்தின் நடுப்பகுதி வற்றிய ஏரியின் சேற்றுப் படுகைமேல் அமைந்திருப்பதால் அதிர்வு அங்கே பன்மடங்காகப் பெருகியது. அதன் பிறகு கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன, கரையோரத்தில் உணர்கருவிகளும் தெருக்களில் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும் ஒலிபெருக்கிகளும் நிறுவப்பட்டன. தொலைவில் தொடங்கும் நடுக்கமானால் அலை வந்து சேர்வதற்கு முன் ஒரு நிமிடம் வரை அவகாசம் கிடைக்கும். அருகில் தொடங்கினால் அந்த அவகாசம் இராது. 2017ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 19 அன்று, காலையில் வழக்கமான ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரம் ஆனபின் உண்மையாகவே நிலம் அதிர்ந்தபோது, எங்கள் தெருவில் சங்கொலியும் அதிர்வும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அன்று மாலை, இடிபாடுகளுக்குக் கீழிருந்து குரல் வருகிறதா என்று கேட்பதற்காக மீட்புப் பணியாளர்கள் முஷ்டியை உயர்த்தினால், தெருவே மூச்சடக்கி நின்றதைக் கண்டேன். அந்நகரத்து மக்கள்மேல் எனக்கு உண்டான மதிப்பு அன்று நிலைத்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை சிலவே. தெற்கில் எரிமலைப் பாறைமேல் உள்ள பகுதிகளில் அதிர்வு குறைவு, வீடு தேடும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள். பழைய கட்டடமானால் 2017க்குப் பின் பொறியாளர் ஆய்வு நடந்ததா என்று கேட்டு அறிக்கையைப் பாருங்கள். கடவுச்சீட்டுப் பிரதி, செருப்பு, தண்ணீர், கைவிளக்கு வைத்த பையொன்றைக் கதவருகே தொங்கவிடுங்கள். ஒத்திகை நாளில் சோம்பிப் படுத்திருக்காமல் குழந்தைகளோடு கீழே இறங்குங்கள். அவசர உதவிக்கு எண் 911.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா? அங்கே என்ன வழக்கம்?
– வாசகி, மதுரை

வைத்துக்கொள்ளலாம், ஆனால் சட்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பணியாளரைச் சமூகக் காப்பீட்டில் பதிவது இப்போது கட்டாயம். வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறாரோ அதற்கேற்பக் கட்டணத்தை நாம் செலுத்த வேண்டும். டிசம்பர் 20க்குள் கொடுக்க வேண்டிய ஆண்டிறுதி ஊதியமாகிய 'அகினால்தோ'வும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் அவருக்கும் உரியவை. உங்கள் கணவருக்கு நிறுவனம் அவற்றைத் தராவிட்டால் எவ்வளவு வருந்துவீர்களோ, அவ்வளவு வருத்தம் அந்தப் பெண்ணுக்கும் உண்டு. 'அவர்களே கேட்பதில்லையே' என்று நம்மவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதை என்னால் ஏற்க முடியவில்லை. பல்பொருள் அங்காடியில் பொருள்களைப் பையில் இட்டுத் தரும் முதியவர்களுக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, நாம் கொடுக்கும் சில பெசோக்களே அவர்கள் வருமானம். சில்லறை வைத்திருங்கள்.

சிறு காய்ச்சல், இருமலுக்கு எங்கே போவது?
– வாசகர், சேலம்

பல மருந்துக் கடைகளை ஒட்டியே ஒரு மருத்துவர் அறை இருக்கும், கட்டணம் மிகக் குறைவு, முன்பதிவு தேவையில்லை. 2010 முதல் ஆண்டிபயாட்டிக் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்பதில்லை என்பதால் அந்த அறைகள் பெருகின. சிறு உபாதைகளுக்கு அவை போதும். குழந்தைக்கு இரண்டாம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கணவர் வேலைக்கும் மகன் பள்ளிக்கும் போனபின் பகல் முழுவதும் தனிமை. அம்மாவை அழைத்தால் ஊரில் நள்ளிரவு. எட்டு மாதங்கள் ஆகியும் மனம் ஒட்டவில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மெக்சிகோ நகரம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், சகோதரி. எட்டு மாதம் என்பது அதிகமில்லை, எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. மெக்சிகோவின் பெரும்பகுதியில் 2022 அக்டோபரோடு கோடை நேர மாற்றம் கைவிடப்பட்டுவிட்டதால் நமக்கும் ஊருக்கும் இடையே ஆண்டு முழுவதும் பதினொன்றரை மணி நேர வேறுபாடுதான். ஆகவே ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் காலை எட்டரை மணி, அம்மாவுக்கு இரவு எட்டு மணி. மகனைப் பள்ளியில் விட்டு வந்து, காப்பியோடு அமர்ந்து அப்போதே பேசிவிடுங்கள். பிற்பகலில் பேச ஏங்கி அவர் உறங்குவாரே என்று குமைவது அதனால் குறையும்.

அதன் பிறகு வீட்டில் இருக்காதீர்கள். மெட்ரோவில் ஐந்து பெசோவுக்கு நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகலாம், முதல் பெட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. எழுத்துத் தெரியாதவரும் அடையாளம் காணும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரம் உண்டு, சபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. ஸ்பானியம் படிக்கத் தொடங்குமுன் நான் அந்தச் சித்திரங்களை வைத்தே ஊரைக் கற்றேன். வாரம் ஒரு நாள் உங்கள் தெருவில் கூடும் 'தியாங்கிஸ்' சந்தைக்குப் பட்டியல் எதுவும் இல்லாமல் போய், ஒரே கடையில் நின்று ஒரே பெண்ணிடம் வாங்குங்கள். நான்காம் வாரம் அவர் உங்கள் மகனைப் பற்றிக் கேட்பார்.

பகலில் தெருவிலிருந்து வரும் ஒலிகளையும் கவனியுங்கள். குப்பை வண்டிக்கு முன்னால் ஒருவர் மணியடித்துக்கொண்டு நடப்பார். சாணை பிடிப்பவர் ஒரு சிறு குழலை ஏற்ற இறக்கமாக ஊதுவார். பழைய மெத்தை, குளிர்பதனப் பெட்டி, இரும்புச் சாமான் வாங்கும் வண்டியில் ஒரு சிறுமியின் பதிவுசெய்த குரல் இழுத்து இழுத்து ஒலிக்கும். அந்தி சாய்ந்தபின், சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகவைத்து விற்கும் தள்ளுவண்டி நீராவியில் நீளமாக விசில் அடிக்கும். எது எதற்குரிய ஒலி என்று எனக்குத் தெரியாத காலம் வரை அவை இரைச்சலாக இருந்தன. கிழங்கு வண்டியை முதன்முறை ஓடிப்போய் நிறுத்தி வாங்கிய இரவில், பாலும் சர்க்கரையும் ஊற்றிய சூடான கிழங்கை வாசற்படியில் அமர்ந்து தின்றேன். கீழ்வீட்டுப் பாட்டி பக்கத்தில் வந்து அமர்ந்தார். எனக்கு அப்போது இருபது சொற்கள்கூடத் தெரியாது.

தூக்கமும் பசியும் கெட்டுப்போகும் அளவுக்கு மனம் சோர்ந்தால், அதைக் கணவரிடம் மறைக்காமல் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

இந்த ஆண்டு என் தந்தை தஞ்சாவூரில் காலமானார். என்னால் போய்ச் சேர முடியவில்லை. எங்கள் அடுக்ககத்தில் நவம்பரில் இறந்தோர் நாளுக்குப் படையல் அமைக்கிறார்கள், அப்பாவின் படத்தையும் வைக்கும்படி அழைக்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், மெக்சிகோ நகரம்

வையுங்கள். அவர்கள் யாரை வேண்டுமானாலும் அப்படி அழைப்பதில்லை.

நவம்பர் 1 மறைந்த குழந்தைகளுக்கும், 2 பெரியவர்களுக்கும் உரிய நாள்கள். வீடு திரும்பும் உயிருக்கு வழி தெரிய வேண்டும் என்று தெருவாசலிலிருந்து படையல் வரை செம்பசூச்சில் பூவின் இதழ்களைத் தூவுவார்கள். மாலை கட்ட நாம் வாங்கும் செண்டுமல்லிதான் அது, அதற்கும் தாயகம் மெக்சிகோவே. வழிநடந்து வந்த தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, கோபால் என்ற பிசினின் புகை ஆகியவற்றோடு, இறந்தவர் எதை விரும்பி உண்டாரோ அதையும் வைப்பார்கள். மகாளய அமாவாசையில் இலை போட்டுப் படைத்து வளர்ந்த நமக்கு இதில் எதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் சடங்கை விட்டுவிட்டு இதைச் செய்கிறோமோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஊரில் செய்ய வேண்டிய திதியை உங்கள் குடும்பத்தார் செய்யட்டும், நீங்களும் அங்கே செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரின் படத்தை எங்கள் கட்டடத்துப் படையலில் வைத்தபோது, அவருக்குப் பிடித்த தயிர்சோற்றையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொண்டுபோனேன். காவலர் தம் தாயாரின் படத்துக்கு அருகில் இடம் ஒதுக்கித் தந்தார், இவர் என்ன உண்பார், எப்படிச் சிரிப்பார் என்று கேட்டார். தெரிந்த ஸ்பானியத்தில் சொன்னேன். உங்களிடமும் கேட்பார்கள், ஆகவே அப்பாவைப் பற்றி நான்கைந்து வாக்கியங்களை முன்பே ஸ்பானியத்தில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். பூவை அக்டோபர் இறுதியில் ஹமாய்க்கா சந்தையில் வாங்கினால் புதிதாகவும் விலை குறைவாகவும் கிடைக்கும்.